அளவில் நிற்காத வால்வுகள்

சுருட்டையின் கிட்டார் ஆம்ப்ளிஃபயர், அந்த ஆம்ப், மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்தபோது, வால்வு அக்கா வேலை மேஜைமேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். அதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. ஈயம் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் சூடாகிற வரைக்கும் ஒரு சாய்ப்பு, அவ்வளவுதான். கண்ணாடிக் கதவை முழங்காலால் தள்ளி, பெட்டியை வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு அவன் வந்து நின்றான். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான் அக்கா. விசில் அடிக்குது. அதோட இப்ப சத்தமும் ஒல்லியாப் போச்சு."

சுருட்டை ஓட்டல் மேடையில் கிட்டார் வாசிப்பவன். தலை கொள்ளாத சுருட்டை முடி இருந்ததால் பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் விசாரித்ததில்லை. எப்போதும் தணிந்த குரலில்தான் பேசுவான். அன்றைக்கும் அப்படித்தான் பேசினான். அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கத்துகிற ஆளாக இருந்தால் திருப்பிக் கத்தி அனுப்பிவிடலாம்.

"வை அங்க. வாசி, பாப்போம்."

அவன் கிட்டாரைச் செருகி, வால்யூமைக் கொஞ்சம் கூட்டி, இரண்டு தடவை கம்பிகளைச் சேர்த்து மீட்டினான். பிறகு கம்பிகளை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கழுத்தைச் சுருக்கி, ஒரு கண்ணை மூடியபடி, "இதோ, இதான்" என்றான்.

வால்வு அக்கா காதைக் கொடுத்துக் கேட்டாள். ஆம்ப் தன் வழக்கமான அடித்தொண்டை முனகலோடு உட்கார்ந்திருந்தது. தெருவில் ஏதோ ஒரு லாரி உறுமிவிட்டுப் போயிற்று. வேறொன்றும் இல்லை.

"எது?"

"இதுதான் அக்கா. இப்பக்கூட அடிக்குதே."

"எனக்கு ஒண்ணும் கேக்கல. தினமும் மேடையில அந்தச் சத்தத்துக்கு நடுவுல நிக்கிற. உன் காதுக்குள்ளயே ஏதாவது கத்திக்கிட்டிருக்கும். இந்தப் பெட்டியத் தூக்கிக்கிட்டு இங்க வர்றதுக்குப் பதிலா, காதத் தூக்கிக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டு."

ஸ்பீக்கர் வாங்கிப் போக வந்து காத்திருந்த ஆள் ஒருவர் முன்னறையிலிருந்து 'களுக்'கென்று சிரித்தார். சுருட்டையின் முகம் சுண்டிப்போயிற்று. கிட்டாரைக் கழற்றி உறையில் போட்டான்.

"நாளைக்குச் சாயங்காலம் ப்ரோக்ராம் இருக்கு. ஆம்ப் இங்கயே இருக்கட்டும் அக்கா. இன்னொரு வாட்டி பாருங்க. முடியலைன்னா சொல்லிருங்க, நான் வேற வழி பண்ணிக்கிறேன்."

அவன் போன பிறகு, அந்த 'வேற வழி' அவள் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. இவ்வளவு காலத்தில் அவளிடம் யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அந்தக் கடை இரண்டு அறை. முன்னறை அவள் கணவருடையது. கிழிந்த ஸ்பீக்கர்களுக்குப் புதுக் காகிதம் ஒட்டி உயிர் கொடுப்பது அவர் வேலை. பின்னறை அவளுடையது. ஊரில் கண்ணாடி வால்வு போட்ட ஆம்ப் வைத்திருக்கிற அத்தனை பேரும் அந்தப் பின்னறைக்குத்தான் வந்தாக வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். இரண்டு அறைக்கும் நடுவிலிருந்து ஒரு மரப்படி மேலே ஏறும். மேலேதான் வீடு.

இந்த ஏற்பாடு ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது, கணவர் பரணிலிருந்து ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டியை இறக்குகிறேன் என்று ஏணியோடு சேர்ந்து தானும் இறங்குகிற வரைக்கும். பெட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவருக்குத் தொடை எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து அவர் மேலே கட்டிலில் கிடக்க, இவள் கீழே இரண்டு அறையையும் பார்த்தாள். காலையில் எழுந்து அவருக்குப் பல் தேய்க்கத் தண்ணீர் வைத்து, உடம்பு துடைத்து, மாத்திரை கொடுத்து, கீழே வந்து கடையைத் திறந்து, ஆட்களுக்குப் பதில் சொல்லி, அவர் விட்டுவைத்த ஸ்பீக்கர்களைத் தனக்குத் தெரிந்த மட்டும் ஒட்டி, தன் வேலையையும் பார்த்து, நடுவில் சமைத்து, மறுபடி மேலே ஏறி. படி ஏறும்போது முழங்கால் ஒரு பக்கம் முனகும், படி இன்னொரு பக்கம் முனகும். எது எதனுடையது என்று பிரித்துப் பார்க்கும் தெம்புகூட அவளுக்கு இல்லாமல் போயிற்று.

இதற்கு நடுவில்தான் ஆம்ப்கள் திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் ஒன்று. அப்புறம் தேவாலயத்துக் குழுவுடையது. அப்புறம் சுருட்டையுடையது. தேவாலயத்துக்காரர்கள் அது சரியாகிற வரைக்கும் காத்திருக்கவில்லை. ஆள் அனுப்பிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "என் கையில போனது திரும்பி வராது" என்று அவள் பெருமையடித்துக்கொள்வது உண்டு. அது வெறும் வாய்ப்பேச்சும் இல்லை, உண்மையாகவே வந்ததில்லை. இப்போது வருகிறது என்றால், சந்தையில் கிடைக்கிற வால்வுகள் குப்பையாகிவிட்டன என்றுதான் அர்த்தம். அப்படித்தான் அவள் முடிவு கட்டியிருந்தாள்.

மேலேயிருந்து 'டொக் டொக்' என்று சத்தம் வந்தது. கணவர் கைத்தடியால் தரையைத் தட்டினால், கூப்பிடுகிறார் என்று பொருள். அவள் ஏறிப்போனாள்.

"என்னங்க?"

அவர் அவளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. தண்ணி."

தலைமாட்டில் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது. அவள் அதை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அது யாரு, சுருட்டையா வந்தது?"

"அவன்தான். விசில் அடிக்குதாம்."

"நீ... கம்பியெல்லாம் ஒதுக்கி வெச்சுப் பாத்தியா?"

"நான் பாக்காததையா நீங்க படுத்துக்கிட்டே பாக்கப் போறீங்க? தண்ணியக் குடிங்க. கீழ வேலை தலைக்கு மேல கெடக்கு."

அவர் குடித்தார். தாகமுள்ள ஆள் குடிப்பது மாதிரி இல்லை.

கீழே வந்து அவள் ஆம்பின் முதுகுப் பலகையைக் கழற்றினாள். உள்ளே இரண்டு பவர் வால்வுகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய ஒலியைக் கடைசியில் ஸ்பீக்கரை அதிரவைக்கிற அளவுக்குத் தூக்கிக் கொடுப்பவை இவைதான். வாசிக்காமல் சும்மா இருக்கும்போதுகூட இவற்றின் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது அதிகமானால் உள்ளே இருக்கும் தகடு சிவந்து, வால்வு சீக்கிரம் செத்துப்போகும். குறைந்தால் சத்தம் சாரமில்லாமல் கரகரக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் பார்த்து நிறுத்துவதைத்தான் பயாஸ் வைப்பது என்பார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு குட்டித் திருகு, ஒரு மீட்டர், பொறுமை. கவனம் பிசகினால் மட்டும் ஆபத்து. உள்ளே ஓடுகிற மின்சாரம் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் அவள் எப்போதும் இடது கையை முதுகுக்குப் பின்னால் சேலை இடுப்பில் செருகிக்கொண்டு, வலது கையால் மட்டுமே வேலை செய்வாள்.

மீட்டரைக் கோத்து, ஆம்பைப் போட்டு, வால்வுகள் சூடேறக் காத்திருந்தாள். போன தடவை இறக்கிவைத்த திருகைத் திருப்பி அளவை முப்பத்தைந்துக்குக் கொண்டுவந்தாள். சரியான இடம். வால்யூமை மேலே ஏற்றினாள். யாரும் எதுவும் வாசிக்கவில்லை. இருந்தும் மீட்டரில் எண் நகர ஆரம்பித்தது. நாற்பது. நாற்பத்தெட்டு. ஐம்பதைத் தாண்டி மேலே போயிற்று. ஒரு வால்வின் தகட்டில் மங்கலாகச் செம்மை படர்ந்தது. அவள் சட்டென்று வால்யூமை இறக்கினாள். எண் நல்ல பிள்ளை மாதிரி முப்பத்தைந்துக்கே திரும்பி வந்தது.

இதே கூத்துதான் போன தடவையும். அப்போது, ஏறினாலும் ஆபத்தில்லாதபடி திருகைக் கீழே இறக்கிவைத்து அனுப்பினாள். அதனால்தான் சத்தம் ஒல்லியாகிவிட்டது என்று சுருட்டை சொல்கிறான். சொல்வது நியாயம்தான். அதற்கு முந்தின தடவை புது வால்வு போட்டிருந்தாள். அதற்கு மேல் என்ன செய்வது? இன்னொரு ஜோடி வால்வைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டினாள். மறுபடி சூடேறக் காத்திருந்தாள். மறுபடி முப்பத்தைந்து. வால்யூமை ஏற்றினாள். மறுபடி நாற்பது, நாற்பத்தெட்டு.

"ஏன்டா இப்படி உயிர வாங்குற?" என்று ஆம்பைப் பார்த்துக் கேட்டாள்.

மேலே 'டொக் டொக்' என்றது. இந்தத் தடவை விடாமல் தட்டினார். "வர்றேன், வர்றேன்! தண்ணித் தொட்டியிலயே கொண்டுபோய்ப் போடுறேன் உங்கள!" என்று அண்ணாந்து கத்திவிட்டு, அவள் அசையாமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவள். அண்ணன் விழுந்ததிலிருந்து மதியத்தில் ஏதாவது சமைத்து எடுத்துக்கொண்டு வந்து எட்டிப்பார்ப்பாள். பின்னறை வாசலுக்கு வந்ததும், கையிலிருந்த பையைத் தரையில் வைத்தாள். வைத்தாள் என்பதைவிடப் போட்டாள் என்று சொல்லலாம். இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"அண்ணி! என்ன அண்ணி இது, காதப் பொளக்குது! மொதல்ல அத நிறுத்துங்க!"

வால்வு அக்கா திரும்பிப் பார்த்தாள். "எத?"

"எதவா? இந்தச் சத்தம்தான்! தெரு வரைக்கும் கேக்குது. ஊசியாக் குத்துது. மேல பாருங்க, அண்ணனே தாங்க முடியாமத் தட்டிக்கிட்டிருக்காரு."

நாத்தனார் எதையும் கொஞ்சம் கூட்டிப் பேசுகிறவள்தான். ஆனால் பொத்திய கை பொத்தியபடி இருந்தது, கண்ணோரம் சுருங்கியிருந்தது. அது நடிப்பில் வருகிற சுருக்கம் இல்லை. வால்வு அக்கா மெதுவாக வால்யூமை இறக்கினாள். நாத்தனார் கையை எடுத்து, "அப்பாடா" என்றாள். வால்யூமை ஏற்றினாள். கை காதுக்குப் போயிற்று. இறக்கினாள். கை இறங்கிற்று. ஏற்றினாள்.

"என்ன அண்ணி, விளையாடுறீங்களா?"

மீட்டரில் எண் ஏறும்போதெல்லாம் நாத்தனாரின் முகம் சுருங்கியது, இறங்கும்போதெல்லாம் விரிந்தது. வால்வுகள் மேல் குற்றமே இல்லை. ஆம்ப் உண்மையிலேயே கத்திக்கொண்டிருந்தது. கத்துவதற்கு வேண்டிய மின்சாரத்தைத்தான் வால்வு இழுத்துக்கொண்டிருந்தது. சுருட்டைக்குக் கேட்டது. நாத்தனாருக்குக் கேட்டது. மாடியில் கிடக்கிறவருக்குக்கூடக் கேட்டது. அந்தக் கட்டடத்தில் அது கேட்காத ஒரே ஆள் அவள்தான்.

ஆம்பை அணைத்தாள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடியும் வரை, எப்போதும் போலக் காத்திருந்தாள். பிறகு சேலை இடுப்பிலிருந்து இடது கையை எடுத்தாள்.

"உனக்குக் கஷ்டமில்லைன்னா முன்னாடி யாராவது வந்தா கொஞ்சம் பாத்துக்கோம்மா. மேல போய்ட்டு வர்றேன்."

கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார், தடியை மடியில் வைத்துக்கொண்டு. அவள் படியேறி வந்த விதமே அவருக்குச் சொல்லிவிட்டிருக்க வேண்டும்.

"தண்ணி வேணுமா?" என்று அவள் கேட்டாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இத்தனை நாளும் நீங்க தட்டுனதெல்லாம் இதுக்குத்தானா?"

"சொல்லிடணும்னுதான் தட்டுறேன். நீ மேல வந்து நின்னதும் வாய் வரல."

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"ரெண்டு வருஷம் இருக்கும். எனக்குக் காய்ச்சல் வந்துச்சே, அப்ப. தெர்மாமீட்டர் பீப் பீப்னு அடிச்சுக்கிட்டே இருக்கு, நீ பாட்டுக்கு என் வாயிலயே வெச்சுக்கிட்டு நிக்கிற. அப்புறம் கெட்டுப்போச்சுன்னு குப்பையில போட்டுட்ட. இன்னொண்ணு வாங்கினோம். அதையும் போட்டுட்ட."

வேறொரு நாளாக இருந்தால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

"அப்ப என் ஆம்பெல்லாம்?"

அவர் மடியிலிருந்த தடியை உருட்டினார்.

"நான் முடிச்சுக் கொடுத்ததும் முன்னறைக்குத் தூக்கிட்டுப் போவீங்களே. கதவச் சாத்திக்கிட்டு, ஸ்பீக்கரோட சேத்து வாசிச்சுப் பாக்குறேன்னு. வயசானாலும் இவருக்கு விளையாட்டுப் போகலைன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

"எல்லாத்துலயும் விசில் இருக்காது," என்றார் அவர் அவசரமாக. "எப்பவாவது ஒண்ணு ரெண்டுலதான். ஒரு கம்பி இன்னொண்ணோட ஒட்டிக்கிட்டிருக்கும். ஒரு குச்சியால தள்ளிவிட்டாப் போதும். உன் வேலையில நான் கை வெச்சதே இல்ல. பயாஸத் தொட்டதே கிடையாது. அது எனக்குத் தெரியவும் தெரியாது."

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். காது போய்விட்டது என்பது அப்போது அவளுக்கு உறைக்கவே இல்லை. உறைத்தது வேறு. என் கையில் போனது திரும்பி வராது என்று எத்தனை பேரிடம், எத்தனை எகத்தாளமாகச் சொல்லியிருப்பாள்! அப்போதெல்லாம் இந்த மனிதர் முன்னறையில் பசை கலக்கிக்கொண்டு, கேட்டும் கேட்காததுபோல் உட்கார்ந்திருந்தார். அதை நினைக்க நினைக்க உச்சந்தலை சூடேறியது.

"என்னைய ஊமைப் படம் மாதிரி ஓட்டிப் பாத்துக்கிட்டிருந்திருக்கீங்க."

"அப்படியெல்லாம் சொல்லாத."

"பின்ன எப்படிச் சொல்ல? அந்தப் பையன் மூணு தடவை தூக்கிட்டு வந்தான். ஆளுக்கு முன்னாடி வெச்சு அவன் காதப் போய்க் காட்டச் சொன்னேன். நீங்க மேலயிருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருந்தீங்க."

அவர் கண் கலங்கியது. "நீ அந்தக் காத நம்பித்தான் எல்லாம் பண்ணுவ. அதப் போய் எப்படிம்மா நான் இல்லேன்னு சொல்லுவேன்?"

அவள் எழுந்து சன்னலோரம் போய் நின்றாள். கோபம் இருந்தது. கத்தவும் வேண்டும் போலிருந்தது. ஆனால் அவருக்கு மாத்திரை கொடுக்கிற நேரமாகிவிட்டது. சாப்பிடாமல் கொடுக்க முடியாது. சாப்பாடு கீழே நாத்தனார் பையில் இருந்தது. கோபப்படுவதற்குக்கூட அவளுக்கு யாரும் ஓய்வு கொடுப்பதாக இல்லை. கீழே போய்ச் சாப்பாட்டை எடுத்துவந்து, தட்டில் போட்டு, அவர் முன்னால் வைத்தாள். அன்று முழுக்க அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முதுகு துடைத்துவிடும்போதுகூடப் பேசவில்லை. அவரும் முதுகைக் காட்டிக்கொண்டு பேசாமல் இருந்தார்.

மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் காது டாக்டரிடம் போனாள். சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். முதலில் கேட்டது, அமுக்கினாள். அப்புறம் ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த பெண் எதையோ திருகிக்கொண்டேயிருந்தாள். மிஷின் மக்கர் பண்ணுகிறது போலிருக்கிறது என்று வால்வு அக்கா காத்திருந்தாள். நல்ல குளிர்ச்சியான அறை. யாரும் கூப்பிடவில்லை, யாரும் தட்டவில்லை. அவளுக்குக் கண் சொக்கிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் கதவைத் திறந்து, "முடிஞ்சதும்மா" என்றபோது, "ஆரம்பிக்கவே இல்லையே?" என்று கேட்டாள்.

டாக்டர் ஒரு காகிதத்தைக் காட்டினார். இடப்பக்கம் சமதரையாக ஓடிய கோடு, வலப்பக்கம் மலையிலிருந்து உருண்டது மாதிரி இறங்கியிருந்தது. பேச்சு கேட்கிறது, அடிக்குரல் கேட்கிறது, மேலே இருக்கிற கூர்மையான சத்தங்கள்தான் போய்விட்டன என்றார். காதுக்கு மிஷின் வைத்தால் பேச்சு இன்னும் தெளிவாகும். போனது போனதுதான்.

"வேலை செய்யலாமில்ல?"

"என்ன வேலை?"

அவள் சொன்னாள். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கூட ஒரு ஆள வெச்சுக்கிட்டா செய்யலாம்" என்றார். அவள் காகிதத்தை மடித்து வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் கணவர் படியின் உச்சியில் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட காலை முன்னால் நீட்டிக்கொண்டு, சின்னக் குழந்தை மாதிரி உட்கார்ந்தபடியே தரையில் நகர்ந்து அவ்வளவு தூரம் வந்திருக்கிறார். வேட்டியெல்லாம் ஒரே தூசி.

"இன்னொரு எலும்பும் முறியணுமா?" என்றாள். முந்தின நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"சாயங்காலம் சுருட்டைக்குப் ப்ரோக்ராம்னு சொன்னியே. ஆம்பப் போடு. நான் இங்கேர்ந்து கேக்குறேன்."

அவள் பின்னறைக்குப் போனாள். அலமாரியின் மேல்தட்டில் துணி போட்டு மூடியிருந்த ஆசிலாஸ்கோப்பை இறக்கி வைத்தாள். சத்தத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி. கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பது சீக்கிரம் என்று அவள் அதைத் தொட்டே பல காலம் ஆயிற்று. கம்பிகளை இணைத்து, ஆம்பைப் போட்டு, வால்யூமை ஏற்றினாள். திரையில் நேராக ஓட வேண்டிய பச்சைக் கோடு பட்டையாக உப்பி நின்றது. அடர்த்தியாக, இடைவெளியே இல்லாமல். அதுதான் விசில். இத்தனை நாளும் இவ்வளவு பெரிதாக இது இங்கேயே இருந்திருக்கிறது.

"இருக்கு!" என்று படியிலிருந்து குரல் வந்தது.

"தெரியுது," என்றாள் அவள்.

இடது கையைப் பின்னால் செருகிக்கொண்டு, ஒரு மரக்குச்சியால் உள்ளே கம்பிகளை ஒவ்வொன்றாக நகர்த்த ஆரம்பித்தாள்.

"இருக்கு... இருக்கு... கொஞ்சம் கொறையுது... இல்ல, இருக்கு."

"ஒவ்வொரு வாட்டியும் சொல்ல வேண்டாம். போனாச் சொல்லுங்க."

"சரி."

ஆம்ப் முதன்முதலில் பழுதுபார்க்க வந்தபோது, கண்டென்சர் என்கிற உதிரிப்பாகத்தை மாற்ற ஒரு நீலக் கம்பியை விலக்கிவைத்துவிட்டு வேலை செய்திருந்தாள். திருப்பி வைக்கும்போது, பவர் வால்விலிருந்து வெளியே போகிற அந்தக் கம்பி, கிட்டாரிலிருந்து உள்ளே வருகிற கம்பியை உரசிக்கொண்டு படுத்துவிட்டது. வெளியே போகிற சத்தம் வாசல் வழியாக மறுபடி உள்ளே வந்து, வெளியே போய், உள்ளே வந்து, நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. இப்படித்தான் விசில் வரும் என்பது அவளுக்குத் தெரியாததா? கேட்டிருந்தால் அடுத்த நொடியே அங்கேதான் கை போயிருக்கும். குச்சியால் நீலக் கம்பியைச் சுவர்ப்பக்கமாக ஒதுக்கினாள்.

பச்சைப் பட்டை சுருங்கி, மெல்லிய கோடாகிவிட்டது. அதே நேரம் மேலேயிருந்து, "போச்சு! போச்சு!" என்று குரல் வந்தது.

கம்பி மறுபடி அந்தப் பக்கம் போகாமல் கட்டிவைத்தாள். பிறகு மீட்டரைக் கோத்துக் குட்டித் திருகைத் திருப்பினாள். முப்பத்தைந்து. வால்யூமை ஏற்றினாள். முப்பத்தைந்து. முழுக்க ஏற்றினாள். எண் ஆணியடித்த மாதிரி அதே இடத்தில் நின்றது. சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

கணவரை எழுப்பி நிறுத்தி, தோளைக் கொடுத்துக் கட்டிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மதியமாகிவிட்டது. பாதி வழியில் அவர், "கோவமா?" என்று கேட்டார்.

"ஆமா."

"இன்னும் எத்தன நாளைக்கு?"

"அதையும் நீங்களே மறைஞ்சிருந்து கண்டுபிடிச்சுக்கோங்க."

அவர் சிரிக்கப் போய், காலில் வலி பிடித்து, "ஆ" என்றார். அவளும் ஒரு மாதிரி சிரித்துவிட்டாள். ஆனாலும் கோபம் போகவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

சுருட்டை வந்ததும் ஆம்பைப் போட்டுக் காட்டினாள். அவன் கொஞ்சம் பயந்துகொண்டே வாசித்தான். பிறகு கம்பிகளைப் பொத்திக்கொண்டு காத்திருந்தான். கழுத்து சுருங்கவில்லை. வால்யூமை இன்னும் ஏற்றினான். மறுபடி வாசித்தான். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு நீளமாக வாசித்தான். சத்தம் உருண்டு திரண்டு வந்தது. அதை அவளாலும் கேட்க முடிந்தது.

"என்ன அக்கா பண்ணீங்க? அருமையா இருக்கு."

கம்பி ஒட்டியிருந்தது, ஒதுக்கிவிட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடலாம். அது பொய்யும் இல்லை. அவன் பெட்டியைத் தூக்கக் குனிந்தான்.

"தம்பி, நில்லு. விசில் அடிச்சது நிஜம். நீ வந்த மூணு தடவையும் அடிச்சிருக்கு. எனக்குத்தான் கேக்கல. காலையில டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தேன். காது போச்சு எனக்கு. ஆளு முன்னாடி வெச்சு உன்னச் சொன்னேன் பாரு, அது எனக்குச் சொல்லிக்க வேண்டியது."

சுருட்டைக்குக் கையைக் காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "ஐயோ, என்ன அக்கா நீங்க" என்றான். பிறகு, "அப்ப இனிமே...?" என்று இழுத்தான்.

"இனிமே திரையில பாத்துப் பண்ணுவேன். கேட்டுச் சொல்ல மாடியில ஒரு ஆளு இருக்கு. இது தெரிஞ்சும் கொண்டுவர்றவங்க கொண்டுவரட்டும். வேற வழி பண்ணிக்கிறவங்க பண்ணிக்கட்டும்."

அவன் மறுபடி வருவேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெட்டியை வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டான். வாசல் வரைக்கும் போய், திரும்பி, "வர்றேன் அக்கா" என்றான். எல்லோரும் கிளம்பும்போது சொல்கிற சொல்தான். அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

தேவாலயத்துக்காரர்களுக்கும் சொல்லி அனுப்ப வேண்டும். முதலில் திரும்பி வந்த ஆம்ப் யாருடையது, அதையும் ஞாபகப்படுத்திப் பார்க்க வேண்டும். முன்னறையில் ஒட்டாத ஸ்பீக்கர்கள் சுவரோரம் அடுக்கிக் கிடந்தன. அவள் ஒன்றையும் தொடாமல் படியேறினாள். கணவருக்கு மாத்திரை கொடுத்தாள். பிறகு அவர் கட்டிலுக்குக் கீழே வெறுந்தரையில் முந்தானையை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தாள். சில்லென்றிருந்தது.

"கடை தொறந்து கெடக்கே?" என்றார் அவர்.

"கெடக்கட்டும்."

சற்று நேரத்தில் கீழே யாரோ கதவைத் தள்ளி, "யாரும் இல்லையா?" என்று குரல் கொடுத்தார்கள். கணவர் கட்டிலில் உடம்பைத் திருப்பி, சன்னல் கம்பியைப் பிடித்து எட்டிப்பார்த்து, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்: "நாளைக்கு வாங்க! இன்னைக்கு முடியாது! அக்கா தூங்குறா!"

அவர் கத்தியது நன்றாகவே கேட்டது. கேட்டுக்கொண்டே அவள் தூங்கிப்போனாள்.